ஹாஃப் கிளட்ச் அக்காவுக்குக் கொழுப்பு

கற்றுக்கொள்ள வந்தவர் வண்டிச் சாவியைத் திருப்புகிற அதே நொடியில், பக்கத்து இருக்கையில் அக்கா பாட்டில் மூடியைத் திருப்புவார். வண்டி உறுமுகிற சத்தமும் பாட்டில் புஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தமும் சேர்ந்துதான் கேட்கும். முதல் நாள் ஆசாமி என்றால் ஆரஞ்சு நிறக் குளிர்பானம். பத்து நாள் ஓட்டிப் பழகியவர் என்றால் எலுமிச்சை. ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்துகிற பாடம் என்றால் கறுப்பு. "கறுப்பு இல்லாம ரிவர்ஸ் பாக்குற தெம்பு என் நெஞ்சுக்குக் கிடையாது" என்பார். ஒரு நாளைக்கு ஏழு பேர். ஏழு பாட்டில். இடையிடையே மடியில் ஒரு சிப்ஸ் பொட்டலம், கதவுப் பையில் கிரீம் பிஸ்கட்.

பத்தொன்பது வருஷமாக அந்த ஓட்டுநர் பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில் அக்கா சொல்லிக்கொடுத்து வருகிறார். வயது ஐம்பத்தொன்று. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் 'ஹாஃப் கிளட்ச் அக்கா'. கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடிக்கிற அந்த வித்தைதான் ஓட்டுவதற்கே உயிர்நாடி என்பது அவர் கட்சி. "கிளட்ச்ச விடுறது எப்படின்னா, மடியில தூங்குற குழந்தையக் கட்டில்ல எறக்குற மாதிரி. தொப்புனு போட்டா முழிச்சுக்கும்" என்று அவர் சொன்னால், பிள்ளை பெறாதவர்களுக்குக்கூடப் புரிந்துவிடும். வீட்டிலும் இதே பேச்சுதான். கணவர் டம்ளரில் தேநீர் ஊற்றும்போது, "மெதுவா, மெதுவா, ஹாஃப் கிளட்ச்" என்பார். கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஹாஃப் கிளட்ச்சில் ஊற்றுவார்.

திட்டுவதிலும் அக்காவுக்குத் தனிப் பாணி உண்டு. கெட்ட வார்த்தை கிடையாது. யாராவது சிவப்பு விளக்கைத் தாண்டப் பார்த்தாலோ, கண்ணாடி பார்க்காமல் திரும்பினாலோ, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி, "கொழுப்பு" என்பார். அவ்வளவுதான். வங்கி மேலாளர், கல்லூரிப் பேராசிரியை, புதுப்பெண் என்று யாரானாலும் அந்த ஒரு வார்த்தைதான். வாங்கிக்கொண்டவர்கள் யாரும் கோபித்ததாகத் தெரியவில்லை. அந்த பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது கெண்டைக்கால் கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. இடது கால் பஞ்சு. "மொத்த உடம்புல வேலை பாக்குறது இந்த ஒரு காலு. மத்ததெல்லாம் வேடிக்கை பாக்க வந்தது" என்று காலைத் தட்டிக் காட்டுவார்.

அது வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை, நிஜமும் அதுதான். வீடு மூன்றாவது மாடியில். ஏறி இறங்க லிஃப்ட். லிஃப்ட் வாசலிலிருந்து எட்டு அடி எடுத்து வைத்தால் கார். எதிர்ச்சாரி மருந்துக் கடைக்குப் போவதென்றாலும் காரை எடுத்து, தெருக்கோடி வரை போய், வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்துவார். நடந்து போகலாமே என்று யாராவது கேட்டால், "ஓட்டத் தெரியாதவங்க நடக்குறாங்க. எனக்கென்ன தலையெழுத்தா" என்பார். காலில் வார் வைத்த செருப்பைக் குனிந்து மாட்ட முடியாமல் போனபோது, வார் இல்லாத செருப்புக்கு மாறினார். செருப்புக் கடையிலேயே பிரச்சினை முடிந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. குடி என்றால் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் அவருடைய தம்பி. கடைத்தெரு முனையில் பூட்டு பழுது பார்த்து, மாற்றுச் சாவி அறுத்துக் கொடுக்கிறவர். எந்தப் பூட்டையும் இரண்டே நிமிஷத்தில் திறக்கிற அந்தக் கை, சாயங்காலம் ஆனால் ஒரே பாட்டிலைத்தான் திறக்கும். இருபத்திரண்டு வருஷம் அக்கா திட்டினார். சாபம் விட்டார், பேசாமல் இருந்தார், பேசிப் பேசித் தொண்டை கட்டினார். ஆறு வருஷத்துக்கு முன் தம்பி கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பதினொரு நாள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். பதினொரு நாளும் அக்கா முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வார்டில் இருந்த இருபது பேரும் அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். கையில் ஆரஞ்சு பாட்டிலை வைத்துக்கொண்டுதான் திட்டினார். தம்பி பிழைத்து வந்தார். ஈரலில் பாதி வடுவாகிவிட்டதாக டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

ஆகையால், ஈரல் என்பது குடிகாரர்களுக்கு மட்டுமே ஆண்டவன் வைத்த உறுப்பு என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு தூக்கம் வரும். முதலில் கொட்டாவியாக இருந்தது, பிறகு தலையாட்டலாக வளர்ந்தது. கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். எதைத் தொட்டாலும் அலுப்பு. விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கம் யாரோ ஒரு தலையணையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். கணவரிடம் வாயு என்று சொன்னார். அவரும் "ம்" என்றார்.

அந்த மூன்று மணி வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஸ்கேன் எடுக்கிறவள். நாற்பது வகுப்பு முடிந்தும் ரிவர்ஸ் வரவில்லை. அன்றைக்குப் பயிற்சி மைதானத்தில் அவள் பின்னால் எடுத்தாள். கம்புகள் கண்ணாடியிலிருந்து காணாமல் போயின. வழக்கமாக இந்த இடத்தில் வண்டி தானாக நின்றுவிடும், 'கொழுப்பு' என்ற குரல் வரும். அன்று வண்டியும் நிற்கவில்லை, குரலும் வரவில்லை. மைதானத்து ஓரத்தில் பெட்டிக்கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த காலிப் பாட்டில் கூடைகள் பதினான்கும் சடசடவென்று சரிந்த பிறகுதான் அக்கா கண் விழித்தார். மடியெல்லாம் கறுப்புத் தண்ணீர். யாருக்கும் அடி இல்லை. பெட்டிக்கடைக்காரர், அக்கா தன் பெரிய வாடிக்கையாளர் என்பதால், ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா தன் வலது காலையே பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கால் பிசகியதில்லை. மைதானத்துக்குப் பதில் பள்ளிக்கூடத் தெருவாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது ஈரக்குலை நடுங்கியது. ஸ்கேன் பெண் வண்டியை அணைத்துவிட்டு, எத்தனை நாளாக இப்படித் தூக்கம் வருகிறது, வேறென்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, நாளைக்கு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் கூடத்துக்கு வரச் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் அக்கா சிரித்திருப்பார். அன்று சரி என்றார்.

மறுநாள் பாத்திரங்கள் மாறிவிட்டன. மேஜையில் அக்கா மல்லாந்து கிடக்க, வயிற்றில் குளுகுளுவென்று பசையைத் தடவி, ஸ்கேன் பெண் அதிகாரம் செய்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். "மெதுவா விடுங்கக்கா. ஹாஃப் கிளட்ச்" என்றாள். அக்கா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று மின்னியது.

"அது என்னம்மா, பளபளன்னு?"

"அதுதான்க்கா உங்க ஈரல்."

"பளபளன்னு இருந்தா நல்லதுதான?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். அச்சிட்ட அறிக்கையை டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் சொல்லியேவிட்டாள்: "கொழுப்புக்கா. உங்களுக்குக் கொழுப்பு."

பத்தொன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழங்கிய பட்டம், மொத்த வட்டியோடு திரும்பி வந்தது.

டாக்டர் இளைஞர். அறிக்கையைப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: குடிக்கிற பழக்கம் உண்டா? அக்கா எழுந்து நின்றுவிட்டார். தன் பரம்பரையிலேயே பெண்கள் யாரும் தொட்டதில்லை என்றும், தம்பியைத் திருத்தியவளே தான்தான் என்றும், மருந்துச் சாற்றில்கூடச் சாராய வாசனை வந்தால் துப்பிவிடுகிறவள் என்றும் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, என்னதான் குடிப்பீர்கள் என்றார். அக்கா ஆரஞ்சு, எலுமிச்சை, கறுப்பு என்று கணக்குச் சொன்னார். நாளைக்கு எவ்வளவு நடப்பீர்கள் என்றார். அக்கா லிஃப்டிலிருந்து காருக்கு எட்டு அடி என்று சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குடித்தால்தான் ஈரல் கெடும் என்பதில்லை. இப்படி உட்கார்ந்தபடியே சர்க்கரைத் தண்ணீராகக் குடித்து எடை ஏறினாலும் மிச்சமெல்லாம் ஈரலில் போய்க் கொழுப்பாகப் படியும். அது வாய் திறந்து புகார் சொல்லாத உறுப்பு. சொல்லும்போது பல சமயம் நேரம் கடந்திருக்கும். அக்காவுக்கு இன்னும் கடக்கவில்லை. எண்பத்தொரு கிலோவில் ஏழெட்டைக் குறைத்தால், நடந்தால், அந்தப் பாட்டில்களை விட்டால், வந்த வழியே திரும்பிப் போக வாய்ப்பு உண்டு. இதுதான் டாக்டர் சொன்னதன் சுருக்கம். அக்கா தனக்குப் புரிந்த பாஷையில் அதை இப்படி மாற்றிக்கொண்டார்: "டிக்கியில சாமான ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு நாளும் எறக்கல."

புரிந்துகொள்வது ஒன்று, செய்வது வேறு. முதல் வாரம் அறிக்கையைக் காரின் கால்மிதிக்கு அடியில் ஒளித்து வைத்தார். குடிக்காதவளுக்கு ஈரல் கெட்டதென்றால் யார் நம்புவார்கள்? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் ஒளிந்து குடித்தாள் என்றல்லவா பேச்சு வரும்? இரண்டாம் வாரம் குளிர்பானத்தை விட்டுவிட்டு அட்டைப் பெட்டியில் வருகிற பழச்சாற்றுக்கு மாறினார். பெட்டியின் மேல் பழம் படம் போட்டிருக்கிறதே. ஸ்கேன் பெண் அந்தப் பெட்டியை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள். ஆரஞ்சு பாட்டிலுக்கும் அதற்கும் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் என் ஈரக்குலை நடுங்க நடுங்க ஓட்டினால் ஈரல் கெடாமல் என்ன செய்யும் என்று அவள் மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தார். அவளும், சரிக்கா, இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திருப்பித் தராமல் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் அக்கா தம்பியின் கடைக்குப் போனார். காரில்தான் போனார். தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்பதாகச் சொல்லி, ஈரல் சரியாவதற்கு அந்தக் காலத்தில் என்னென்ன செய்தாய் என்று விசாரித்தார். தம்பி அரத்தால் ஒரு சாவியின் பல்லை ராவிக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தெரிஞ்சவங்க கொஞ்சம் குண்டா இருப்பாங்களா?"

"சுமாரா இருப்பாங்க."

"வண்டி ஓட்டக் கத்துக்குடுப்பாங்களா?"

அக்கா கடைக்குள் தொங்கிய பூட்டுகளை எண்ணத் தொடங்கினார். தம்பி அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இருபத்திரண்டு வருஷத் திட்டுக்கும் சேர்த்துச் சிரித்தார். அக்கா தடுக்கவில்லை. அவனுக்கு அது பாக்கி என்று அவருக்கே தோன்றியது. சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்தபோது தம்பியின் முகம் வேறாக இருந்தது.

"வார்டுல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்காக்கா? கண்ணாடி போட்டவரு. ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லைன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டே இருப்பாரு."

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. பொய் சொல்கிறான் என்று அவரையும் திட்டியிருந்தார்.

"நீயும் நம்பல, நானும் நம்பல. பதினொரு நாள்ல நான் வீட்டுக்கு வந்துட்டேன். அவரு வரல."

தம்பி மறுபடியும் அரத்தை எடுத்தார். "காலையில ஆறு மணிக்குக் கீழ வந்து நிப்பேன். லிஃப்ட்ல எறங்கி வந்தன்னா, திருப்பி மேல அனுப்பிருவேன்."

முதல் நாள் தெருக்கோடி வரைதான். அதற்குள் நான்கு இடத்தில் அக்கா நின்றார். நான்கு இடத்திலும் யாரோ தப்பாக வண்டி நிறுத்தியிருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பார்ப்பதற்காகவே நின்றதாகச் சொன்னார். தம்பி மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் அதற்கும் "ம்" என்றார். ஆனால் அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பாட்டில்களிலெல்லாம் வெறும் தண்ணீர் நிரம்பியிருந்தது. பிஸ்கட் டப்பாவில் வறுத்த கடலை இருந்தது. அவர் கத்திக் கூச்சல் போட்டிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பார். பேசாதவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆனாலும் ஏழு பேருக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. கையில் பாட்டில் இல்லாமல் உட்காரும்போது, முட்டியைத் தட்டி, நகத்தைக் கடித்து, கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, வந்தவர்களையும் நடுங்க வைத்தார். ஒரு நாள், பொறுக்கமாட்டாமல், மைதானத்தில் வண்டி முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கூடவே நடந்தார். ஜன்னல் வழியாகப் பாடம் சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் இப்போதைய முறை. முதல் பத்து வகுப்பு வழக்கம்போல உள்ளே. ஓரளவு தேறியதும் மைதானத்தில் அக்கா வெளியே. "என் நடைக்கு மேலயும் போகக்கூடாது, கீழயும் போகக்கூடாது. நான் நின்னா நிக்கணும்." அக்காவின் நடை வேகத்துக்கு ஒரு காரை ஓட்ட வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச்சைத் தவிர வேறு வழியே இல்லை. இரண்டு மணி நேரத்தில் வராத வித்தை இருபது நிமிஷத்தில் வந்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு: ஒரு வெள்ளைக் கார் ஆமை மாதிரி ஊர்கிறது, பக்கத்தில் ஓர் அம்மாள் கையை வீசி நடக்கிறார், கார் தடுமாறும்போதெல்லாம் வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி. பழக்க தோஷம். மைதானத்துப் புழுதி முழங்கால் வரை ஏறும்.

பள்ளி முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. இரட்டை பிரேக் என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேனே, இரண்டாவது பிரேக் வெளியே நடந்து போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அக்கா வாதாடவில்லை. அந்த மாதம் தேர்வுக்குப் போன பதினொரு பேரில் பத்துப் பேர் உரிமம் வாங்கி வந்தார்கள். முதலாளி அதற்குப் பிறகு பலகையைப் பற்றிப் பேசவில்லை. தவறிப்போன அந்த ஒருத்தி ஸ்கேன் பெண். அடுத்த மாதம் அவளும் தேறினாள். உரிமத்தைக் கொண்டுவந்து காட்டிய கையோடு, எட்டு மாதம் ஆகிறது, மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அக்காவைத் தன் காரிலேயே உட்கார்த்தி அழைத்துப் போனாள். வழியெல்லாம் அக்கா இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனார்.

திரையில் அந்த வெள்ளை மங்கியிருந்தது. முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. எடை எழுபத்து நான்கு. டாக்டர் பாராட்டினார், விட்டுவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். மற்ற கணக்கை அக்கா தானே வைத்திருக்கிறார். மூன்று மணிக்குத் தூக்கம் வருவதில்லை. வார் வைத்த செருப்பு வாங்கியிருக்கிறார். எதிர்ச்சாரி மருந்துக் கடைக்கு நடந்தே போகிறார். போனால், கடைக்காரருக்கு வண்டி நிறுத்துமிடம் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு வருகிறார். நல்லவராகிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பிறந்தநாள் கேக் கண்ணில் பட்டால், தம்பி வேறு பக்கம் திரும்புகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். தம்பி திரும்பமாட்டார். அவருக்கு அந்தப் பார்வை பழகிய பார்வை. அவரே பல வருஷம் அப்படிப் பார்த்தவர்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம், தம்பி சவால் விட்டதற்காக, அக்கா மொட்டை மாடிக்கு ஏறினார். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருபத்து நான்கு படி. குடிவந்து ஏழு வருஷத்தில் அவர் அங்கே போனதே இல்லை. மூச்சு வாங்கினாலும் நிற்காமல் ஏறிக் கதவைத் தள்ளினால், அங்கே கணவர் உட்கார்ந்திருந்தார். நாளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் லென்ஸையே பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் தூரத்தைக் காட்ட வேண்டும் என்று, வேலை முடிந்து தினமும் அரை மணி நேரம் இங்கேதான் வருவாராம். அக்காவுக்கு அது தெரியாது. அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் நிறம் போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி, அதே அளவு, அதே வகை, கடையில் சுற்றிக் கொடுத்த உறை கிழியாமல் இருந்தது. உறையின் மேல் ஏழு வருஷத் தூசி.

கணவர் எழுந்து, உறையைப் பிரித்து மடித்து ஓரமாக வைத்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியை எடுத்தார். நாற்காலியின் மேல் குனிந்து, வாயைத் திறந்து 'ஹா'வென்று ஒருமுறை ஊதினார். பிறகு மூலை மூலையாக, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்துப் பார்த்து, துடைக்கத் தொடங்கினார்.